உறங்கும் கிழங்கு

செத்த செடி எது என்று எனக்குத் தெரியும் என்றுதான் அறுபது வருஷமாக நினைத்திருந்தேன். மில்லர்புரத்தில் அது சிரமமான விஷயம் இல்லை. உப்புத் தண்ணீருக்கு ரோஜாவின் இலைநுனி கருகத் தொடங்கினால் பிறகு பேச்சே கிடையாது. பிடுங்கிவிட்டு அரளி வைக்க வேண்டியதுதான்.

இந்த அறிவோடுதான் 2022 ஏப்ரலில், டொராண்டோவில், மகள் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியோடு இறங்கினேன். பனி கரைந்து ஒரு வாரம் இருக்கும். காய்ந்த தண்டுகள் நாலைந்து நின்றன. தோண்டியதில் மரவள்ளிபோல் கிழங்குகள் வந்தன. காகிதப் பையில் போட்டு வாசலில் குப்பைக்கு வைத்தேன். வேலை செய்த திருப்தி.

மாலையில் வந்தவள் பையைப் பார்த்து, "அப்பா, அது பியோனி" என்றாள். அவ்வளவுதான். அவள் நட்டு மூன்றாவது வருஷம்; அந்தச் செடி முதல் பூவுக்கு ஏறக்குறைய அத்தனை காலம் எடுத்துக்கொள்ளும். கிழங்கின் தலையில் ரத்தச் சிவப்பாக முளைகள் இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

அங்கே பூவை மட்டும் பார்த்துச் செடி வாங்க முடியாது. நாட்டைக் குளிர் மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். எண் சிறிதானால் குளிர் கொடியது. செடியின் சீட்டில் அந்த எண் இருக்கும். நிழலுக்கு ஹோஸ்டா, வெயிலுக்கு டே லில்லி, பொறுமை உள்ளவனுக்குப் பியோனி. மண்ணுக்கு மேலே எல்லாம் அழிந்துபோகும். வேரை நம்பித்தான் காசு கொடுக்கிறார்கள். பியோனிக்கோ குளிர் தாங்க வேண்டிய கஷ்டம்கூட இல்லை, தேவை. குளிரில் உறங்காவிட்டால் பூக்காது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருச்செந்தூர் போகிற வழியில் உடைமுள் வேலிகளில் கண்வலிக்கிழங்கு ஐப்பசி மழைக்கு ஏறும், கார்த்திகையில் பூக்கும், வெயில் ஏறினால் சருகாகும். கிழங்கு மண்ணுக்குள் கோடை முழுக்கக் கிடக்கும். அதற்குச் சித்திரைதான் பனிக்காலம். செங்காந்தள் என்றால் இதை வாசிக்கிறவர்களுக்கு உடனே புரியும்; குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது. விரலுக்கு உவமை என்று பள்ளியில் சொன்னார்கள். பின்னால் நானும் அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். கிழங்கை யாரும் காட்டவில்லை, நானும் தோண்டிப் பார்க்கவில்லை. படிமம், படிமம் என்று பேசித் திரிந்த காலம்.

அன்றிரவே டார்ச் வெளிச்சத்தில் திரும்ப நட்டேன். நம்மூர் மணல் பழக்கம், சூடு படக்கூடாதென்று ஒரு சாண் ஆழம். பியோனியின் முளை 2 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாதாம். போனால் இலை வரும், பூ வராது. 2023லும் இலை, 2024லும் இலை. அந்தச் செப்டம்பரில் அவளே எடுத்து மேலாக நட்டாள். ஐம்பது வருஷத்துக்கு மேலும் இருக்கக்கூடிய செடி என்றாள். யாருக்காகச் சொன்னாளோ.

2025 மே மாதக் கடைசியில் தொலைபேசியில், ஒரு மொட்டு வந்திருக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்றாள். மஞ்சள்தூள் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.