நாரணாபுரத்து வடக்கு

நட்சத்திரத் தடங்கள் என்றதும் மனசில் வந்து நிற்கிற பிம்பம் வட்டம். நடுவில் அசையாத ஒரு புள்ளி; சுற்றிலும் இசைத்தட்டின் வரிகள் மாதிரி ஒளிக்கோடுகள். புகைப்படப் புத்தகங்கள் திரும்பத் திரும்ப அச்சிடுவது இதைத்தான். இது வடதேசத்துக்காரர்களின் வானம் என்பது, நாரணாபுரத்தில் காமிராவை வடக்கே திருப்பி வைக்கும்வரை உறைப்பதில்லை.

ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் தெரியும். லண்டனில் 51 பாகைக்கு மேல். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஒன்பதரை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் பின்னால் மறைந்துவிடும். அந்த உயரத்தில் தூசியும் வேப்பமரத் தலைகளும்தான். நடுவில் ஒரு சிறு வட்டம் தவிர மற்றதெல்லாம் பாதியில் தரைக்குள் போய்விடுகிறது. லண்டனில் மறையவே மறையாத சப்தரிஷி மண்டலம், அருந்ததியோடு சேர்ந்து, இங்கே தினமும் அஸ்தமிக்கிறது. துருவனும் ஸ்திரமில்லை. அச்சிலிருந்து முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகி, தானும் ஒரு குட்டி வட்டம் போடுகிறான். (ஸ்திரம் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் கவனிக்கலாம்.)

கிழக்கே திருப்பினால் வேறு கதை. 24 மி.மீ. அகலக்கோண லென்ஸ்; ஷட்டர் திறந்தபடி பூட்டியிருக்கிறது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஓரியனின் இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறையச் செங்குத்தாக, நேர்கோடாக ஏறுகின்றன. இடப்புறத்துக் கோடுகள் வடக்கே வளைகின்றன, வலப்புறத்தவை தெற்கே. மையமில்லாத படம். 'சரியாக வரவில்லை' என்று ஒரு சிநேகிதர் ஒதுக்கினார். இரவல் அளவுகோலோடு நம் கவிதைக்கு வருகிற விமர்சகர்கள் சொல்வதும் இதேதான்.

அதிக நேரம் திறந்துவைத்தால் நட்சத்திரம் பிரகாசமாகும் என்பதும் பிரமை. நகர்ந்துகொண்டே இருப்பதால் ஃபிலிமின் எந்தப் புள்ளியிலும் அது சில விநாடிகளே தங்குகிறது. கோடு நீளும், அவ்வளவுதான். சேர்ந்துகொண்டே போவது சிவகாசித் தெருவிளக்குகள் வானத்தில் பூசும் மங்கல் வெளிச்சம். டிஜிட்டல்காரர்கள் அரை நிமிஷப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்கி இதைத் தாண்டிவிடுகிறார்கள். நான் இன்னும் ஃபிலிம்தான்.

கோடாக நீளும்போது நிறம் துலங்குகிறது. திருவாதிரை செம்மஞ்சள், ரைஜல் நீலவெண்மை. இவை சூட்டின் நிறங்கள். பட்டாசில் சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்திலிருந்தும் பச்சை பேரியத்திலிருந்தும் வருகின்றன. உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது.

ஆலைக் காவலாளி ஒருவர், முன்பு மணி மருந்து உருட்டியவர், "என்ன அண்ணாச்சி, ரெண்டு மணி நேரமா ஒரே போட்டோவா?" என்று கேட்டார். பிறகொரு நாள் பிரிண்டைக் காட்டினேன். வட்டம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பச்சையே இல்லையே" என்றார்.