லாலி வந்த வழி

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால், நாகூர் என்று கடலோரமாகவே தெற்கே இறங்கி, அங்கிருந்து மேற்கே திரும்பிக் கீழ்வேளூர், திருவாரூர் வழியாகத் தஞ்சாவூரை அடையும் பிரயாணத்தைச் சம்பா நடவு காலத்தில் மேற்கொள்பவர்களுக்கு, இந்தச் சீமையின் மீது ஐரோப்பிய ராஜ்யங்கள் கொண்டிருந்த மோகத்தின் காரணத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் சேற்றில் வரிசையாகக் குனிந்த பெண்கள், முடியைப் பிரித்து நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னால் நகர நகர, அவர்களுக்கு முன்னே பச்சை நீண்டுகொண்டு போகிறது. பஸ் எவ்வளவு தூரம் ஓடினாலும் அந்தக் காட்சி மாறுவதில்லை.

தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் சம்மதம் பெற்று டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டையோ நின்றுகொண்டிருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர். காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். வடக்கே கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிகோட்டையில் 1749-ல் இங்கிலீஷ்காரரும் வந்து சேர்ந்தார்கள். தஞ்சைப் பட்டம் இழந்த சாகுஜிக்குச் சிம்மாசனம் மீட்டுத் தருவதாகப் புறப்பட்டவர்கள், ஆளும் அரசர் பிரதாபசிங் கோட்டையோடு யுத்தச் செலவையும் தர இசைந்தவுடன், சாகுஜியைக் கைவிட்டார்கள். பாகப்பிரிவினை வழக்கில் நம்மூர் வக்கீல்கூட இவ்வளவு சுலபமாகக் கட்சி மாறமாட்டார்.

அதே வருஷக் கடைசியில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாஹிப் பிரெஞ்சுப் படையின் துணையோடு தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, பேச்சிலேயே நாளைக் கடத்திய பிரதாபசிங், முடிவில் எழுபது லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, ஹைதராபாத் நிஜாம் நாஸிர் ஜங் படையோடு வருகிறார் என்ற செய்தியால் எதிரிகள் விலகியதும், பாக்கியை நிறுத்திக்கொண்டார். அந்தப் பாக்கியை வசூலிக்கத்தான் 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து இதே வழியில் வந்தார். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நிற்கும் காரைக்காலைத் தாண்டினால், நாகூர்; அதையும் தாண்டினால் கீழ்வேளூர். படிகள் ஏறிச் சென்று தரிசிக்க வேண்டிய அந்த மாடக்கோயிலில் லாலியின் ஆட்கள் புதையல் தேடினார்கள். அர்ச்சகர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்துக் கொன்றார்கள். தஞ்சையை அவர் பிடிக்கவில்லை. வெடிமருந்து தீர்ந்துவர, இங்கிலீஷ் கப்பல்கள் காரைக்காலுக்கு எதிரே தென்பட்ட சேதியும் எட்டவே, ஆகஸ்டில் திரும்பிவிட்டார்.

பீரங்கிகளைக் காட்டிலும் கடன் பத்திரங்களே தஞ்சைக்கு அதிகக் கேடு விளைத்தன என்பது என் அபிப்பிராயம். 1773-ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்காக இங்கிலீஷ் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்துக் கொடுத்தது. கடனில் மூழ்கியிருந்த நவாபோ அதன் வருமானத்தைக் கடன்காரர்களுக்கு ஈடு வைத்தார். 1776-ல் சென்னைக் கவர்னர் பிகட் பிரபு ராஜ்யத்தைத் துளஜா மகாராஜாவிடம் திருப்பி ஒப்படைத்தபோது, பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தர், வயலில் நிற்கும் விளைச்சலின் மீதே தமக்குப் பாத்தியதை உண்டென்று கிளம்பினார். தகராறு முற்றி, கவுன்சில் அங்கத்தினர்களே கவர்னரைச் சிறைப்பிடித்தார்கள். தஞ்சாவூர் நெல்லுக்காக ஒரு கவர்னர் காவலில் வைக்கப்பட்டார் என்பதை, இன்று அரண்மனையைச் சுற்றிக் காட்டுபவர்கள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

பிகட் 1777 மே மாதம் காவலிலேயே காலமானார். பென்ஃபீல்டு 1780-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அங்கத்தினரானார்.