வரம்பு இருக்கு, பணம் இருக்கா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு போடுகிறவர்களிடம் போய் 'பாக்கி' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். ஆலையிடம் பணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்!

கால்பந்து கிளப் சம்பளமும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு யூஃபா வைத்திருக்கும் விதி ரொம்ப எளிது. 100 ரூபாய் வருமானம் வந்தால் வீரர், பயிற்சியாளர் சம்பளம், வீரரை வாங்கிய செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து 70-ஐத் தாண்டக் கூடாது.

நம்ம ஐ.எஸ்.எல்.லிலும் வரம்பு வைத்தார்கள். பல சீசன்களுக்கு அது 16.5 கோடி ரூபாய். ஆனால் எல்லா கிளப்புக்கும் ஒரே தொகை. கிளப்பின் வருமானத்தோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. டிக்கெட், ஸ்பான்சர் காசு போக விழுகிற துண்டை முதலாளிதான் கையிலிருந்து போடணும். (முதலாளி சினிமா நட்சத்திரமாக இருந்தாலும்தான்.)

எத்தனை நாள் போடுவார்? லீக்கைத் தாங்கிய 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிகிற நிலை. புதுப்பிக்க ஆளில்லை. ஜூலையில் லீக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. சீனியர் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. அடுத்த சில நாளில், இரண்டு முறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்தியது. கையில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தும் வீரர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 2026 பிப்ரவரியில் ஒரு சுருக்கமான சீசன் தொடங்கியது, சில அணிகளில் வீரர்கள் சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்த பிறகு.