ஒற்றைக் கொம்பு மான்

சென்ற ஆண்டு பங்குத் திருவிழாவையொட்டி இளைஞர்கள் நிழற்படக் கண்காட்சி ஒன்று நடத்தினார்கள். நடுவர்களுள் ஒருவராக இருக்கும்படி நம்மை அழைத்தார்கள். செங்கற்பட்டில் நெடுங்காலம் ஆசிரியப் பணி செய்தோம் என்பதன்றி அதற்கு நமக்கு வேறு தகுதி இல்லை. ஆயினும் பெருமையோடு சென்று அமர்ந்தோம்.

ஒரு படம் எங்கள் மூவரையும் கட்டி நிறுத்தியது. கொளவாய் ஏரிக்கரை, பின்னே அந்திச் செவ்வானம், நீரோரத்தில் ஓர் ஆண்மான். அதன் கொம்புகள் ஆலமரக் கிளைகள் போல் விரிந்திருந்தன. முதற்பரிசு அதற்கே என்று ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று.

அடுத்த பலகையில் ஒரு சிறுவன் எடுத்த படம் இருந்தது. கிண்டி தேசியப் பூங்காவின் வேலிக்கு அப்பால் நின்ற புள்ளிமான். ஒரு பக்கந்தான் கொம்பு; மறுபக்கம் கொம்பு விழுந்த புண். முகத்தில் ஈக்கள். "ஊனமான மான், திருவிழாவில் எதற்கு?" என்றார் உடனிருந்த நடுவர். நாமும் தலையசைத்தோம். ஆறுதற்பரிசுகூட அதற்குக் கிட்டவில்லை.

பரிசளிப்பு முடிந்தபின் நம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, இது எந்த ஊர் மான்?"

வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினோம். நம் நாட்டுப் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் பொதுவாக ஒரு கொம்பில் மூன்று கிளைகளே. பரிசு பெற்ற மானுக்கோ ஆறு! அது வட அமெரிக்காவின் எல்க் மான். சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் மறைய, முகத்திலோ பட்டப்பகல் வெளிச்சம். நீரில் அதன் நிழலும் விழவில்லை. படத்தைத் தந்த இளைஞரைக் கேட்டோம். "கணினியில் சேர்த்ததுதான் ஐயா. எவரும் கேட்கவில்லையே!" என்றார். உண்மைதான், விண்ணப்பத் தாளில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. பிழை நம்முடையது.

அமெரிக்காவில் வேட்டையாடிய மானின் கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து வரிசைப்படுத்தும் வழக்கம் உண்டு. 1887-இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கழகம் அதற்கென்று அளவுமுறையே வகுத்திருக்கிறது. அந்த ஆசைக்கு இயற்கை போதாதபோது, கணினியில் கொம்பைப் பெருக்கிச் சுவர்ப்படமாக்கி விடுகிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டது. கொம்பாசையோ படமாக வந்து ஏரிக்கரையில் நிற்கிறது! மெய்யான மானின் கொம்பு உதிரும். பின்னர் மெல்லிய தோல் போர்த்து மீண்டும் முளைக்கும். படத்து மானுக்கு அந்தத் துன்பமில்லை.

அழகுக்காகச் சேர்ப்பது குற்றமா என்ற ஐயத்தோடு, பேத்தியை மாமல்லபுரம் அழைத்துச் சென்றோம். அருச்சுனன் தபசு என்னும் பாறையில் யானையும் சிங்கமும் நாகரும் தவம் புரியும் பூனையும் ஒன்றாக இருக்கின்றனர். அதுவும் சேர்த்து அமைத்ததே. ஆனால் எந்தச் சிற்பியும் இதை நேரில் கண்டேன் என்று சாதிக்கவில்லை. அங்கேயே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. மானைப் பார்த்துக் கொண்டே இருந்தவனன்றி வேறெவனும் அதைச் செதுக்கியிருக்க முடியாது.

நிழற்படமோ, "நான் அங்கிருந்தேன்" என்று சாட்சி சொல்வது. இலண்டனில் 2009-ஆம் ஆண்டின் வனவிலங்கு நிழற்படப் பரிசு வேலி தாண்டும் ஓநாய்ப் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று கண்டு, 2010-இல் பரிசைப் பறித்துவிட்டார்கள். நம் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்த காமிராவால் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். ஒட்டு வேலை காமிராவோடு நின்றது, படத்தில் இல்லை.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் அச்சிறுவனைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவன் வெட்கத்தோடு சட்டைப்பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தான். "மறுவாரமும் போனேன் ஐயா. அடுத்த கொம்பும் விழுந்திருந்தது. இது கொஞ்சம் மங்கல்" என்றான்.