அசல் சமையல்

சமையலைச் சாப்பிடுவதைக் காட்டிலும், சமைக்கிறவரின் பக்கத்தில் நின்று பார்ப்பதிலே எனக்கு ருசி அதிகம். ஆகையால், 2019 அக்டோபரில் ரோமாபுரிக்குப் போயிருந்தபோது, அங்கே நெடுநாளாக வசிக்கும் நண்பரிடம், "அசல் இத்தாலியச் சமையலைக் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று நச்சரித்தேன். ஒரு மாலை, டைபர் நதிக்கு அக்கரையிலுள்ள திராஸ்தேவெரே பகுதிக்கு அழைத்துப் போனார்.

சின்னச் சாப்பாட்டுக் கடை. சமையற்காரருக்கு அறுபது வயதிருக்கும். பெரிய வித்தைகளை எதிர்பார்த்துப் போன எனக்கு முதலில் ஏமாற்றந்தான். மேடைமேல் மூன்றே சாமான்கள்: ஸ்பகெட்டி, 'பெக்கொரினோ ரொமானோ' என்கிற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு. 'காச்சோ எ பெப்பே' என்ற பெயருக்கே சீஸும் மிளகும் என்றுதான் அர்த்தமாம்.

மிளகை வெறும் சட்டியில் வறுத்து இடித்தார். குப்பென்று எங்கள் வீட்டு ரசத்தின் வாசனை! இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே முசிறித் துறையிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பல் கப்பலாக மிளகு போயிருக்கிறது. பொன்னையும் வெள்ளியையும் போல இதை நிறுத்து வாங்குகிறார்களே என்று பிளினி அந்தக் காலத்திலேயே அங்கலாய்த்திருக்கிறார்.

ஸ்பகெட்டி வெந்த தண்ணீரை அவர் கொட்டவில்லை. அந்தக் கஞ்சியில்தான் சீஸ் குழையுமாம். சூடு மிஞ்சினால் கட்டி தட்டிவிடுமாம்.

சீஸைத் துருவ ஆரம்பித்தார். "இவர் மாமிசம் சாப்பிடாதவர்" என்று நண்பர் பேச்சுவாக்கில் சொன்னார். துருவிய கை நின்றது.

"ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைப் போட்டுத்தான் இந்தச் சீஸைச் செய்கிறார்கள். அது அவருக்குத் தெரியுமா?" என்று நண்பரைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது. மூன்று நாளாக அதைத்தான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன்!

அவர் மிளகையும் சீஸையும் ஒதுக்கி வைத்தார். பூண்டைச் சீவி ஆலிவ் எண்ணெயில் வதக்கினார். வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஸ்பகெட்டியைப் புரட்டி என்முன் வைத்தார். ருசி பிரமாதம். 1492-இல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகுதான் மிளகாய் இத்தாலிக்கும் வந்தது, நமக்கும் வந்தது. சாமானில் அசலைத் தேடிப் பிரயோஜனமில்லை. அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் நான் சாப்பிட்டுவிட்டுப் புகழ்ந்திருப்பேன். ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனாலும் அந்தக் கை நின்றதே, அதுதான் அசல்.

தட்டின்முன் உட்கார்ந்தபடி என் அத்தையை நினைத்துக்கொண்டேன். வெங்காயம், பூண்டு தொடாதவள். ஒரு பிரயாணத்தின்போது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவசர அவசரமாக ஹோட்டலிலே இட்லி வாங்கிக் கொடுத்து, "சட்னியிலே வெங்காயம், பூண்டு ஒன்றுமில்லை, அத்தை, கேட்டுவிட்டேன்" என்றேன். நான் கேட்கவே இல்லை. அத்தை பேசாமல் சாப்பிட்டாள்.

பூண்டு மணக்கும் அந்தச் சமையற்கட்டில் அத்தை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். ஆனால் அந்த மனிதரின் வார்த்தையை நம்பியிருப்பாள். என் வார்த்தையையும் அப்படித்தான் நம்பினாள்.