நிலத்தில் ஒரு வரைபடம்

தென்னாபிரிக்காவின் கேப்டவுண் நகரில் பழைய மெதடிஸ்த தேவாலயம் ஒன்று இன்று நூதனசாலையாக இருக்கின்றது. உள்ளே நிலத்தில் பெரியதொரு வரைபடம் விரிக்கப்பட்டுள்ளது. டிஸ்ரிக்ற் சிக்ஸ், அதாவது ஆறாம் வட்டாரம் என்ற, இடித்தழிக்கப்பட்ட ஊரின் தெருக்கள் அதிலே உள்ளன. அங்கு குடியிருந்தவர்கள் குனிந்து, தத்தம் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

1966 பெப்ரவரி 11இல் அவ்வூர் வெள்ளையருக்கு மட்டுமே உரியதென அரசு அறிவித்தது. 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். வீடுகளைப் புல்டோசர் தள்ளியது. இடிப்பு வேலைக்குப் பொறுப்பாயிருந்த ஒருவரே தெருப் பெயர்ப் பலகைகளை எறியாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். 1994இல் நூதனசாலை திறந்தபோது அவை அங்கே வந்து சேர்ந்தன.

இங்கே அரசர்களின் வாளும் முடியும் இல்லை. சட்டிபானை, குடும்பப் படம், சீப்பு போன்றவைதான். முன்னாள் குடியிருப்பாளர்களே வருவோரைக் கூட்டிச்சென்று கதை சொல்கிறார்கள்.

பெண்களின் பங்கு பெரிது. நீண்ட துணியொன்றில் வருவோர் பேனையால் எழுதும் பெயர்களையும் செய்திகளையும் ஊசிநூலால் தைத்துவிடுகிறார்கள். மை மங்கினாலும் தையல் கிடக்கும் அல்லவா? முதிய பெண்கள் ஒன்றுகூடித் தம் பழைய குசினிகளை நினைத்துப் பேசி, சமையற் குறிப்புகளையும் துணியில் தைத்தார்கள். 2016இல் அது புத்தகமாகவும் வந்தது. ஊரை விட்டு வந்தவளுக்கு அடுப்படி நினைவு எவ்வளவு பெரிதென்று எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

2004 பெப்ரவரி 11இல், எண்பது வயது கடந்த இருவருக்கு அங்கே புதிய வீட்டின் திறப்பை நெல்சன் மண்டேலா கையளித்தார். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். பெப்ரவரி 11 வந்தால் பழைய ஊர்க்காரர் நடந்துபோய், வெறும் நிலத்தில் குவிந்திருக்கும் கற்களோடு தங்கள் கல்லையும் வைத்துவிட்டு வருகிறார்கள்.