சும்மாடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். ஆகவே, இந்தப் பழமொழியை என்னைவிட அதிக முறை கேட்டவர் இக்கல்லூரியில் இருக்க முடியாது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கண்டுகொண்டேன். அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

என் தந்தையார் மரக் கடைசல் தொழிலாளி. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. சுழலும் கட்டையில் உளி வைத்துச் செதுக்கி, அரக்கினால் வண்ணம் ஏற்றும் அந்த வேலையில்தான் அப்பா வளர்ந்தார். பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தபின் அதற்குக் கிராக்கி குறைந்தது. இப்போது ஒரு பட்டறையில் மாமரத்திலும் வாகையிலும் கிண்ணம் கடைகிறார்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கடைந்து, உட்புறத்தையும் குடைந்தபின், கடைசியில் அடிப்பாகம் மிஞ்சும். அதைச் சீர்செய்யக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். இதற்காகப் பட்டறையில் ஒரு காற்றுறிஞ்சும் பிடிப்பான் வைத்திருக்கிறார்கள். ரப்பர் விளிம்புள்ள ஒரு குவளை; பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் அதனுள்ளிருக்கும் காற்றை இழுத்துவிடும். வெளிக்காற்று கிண்ணத்தைக் குவளையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆணி இல்லை, பசை இல்லை. அதிசயம்தான்! ஆனால் வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால், கிண்ணத்தின் உட்புறத்தில் வளையமாக ஒரு தடம் விழுந்திருக்கும்.

அந்தத் தடத்தால் ஒரு முறை இருபது கிண்ணங்கள் திரும்பி வந்தன. அப்பாவின் கூலியில் அது பிடிக்கப்பட்டது. அன்றிரவு சாப்பிடும்போது, “ஏலே, காத்து புடிக்கிற விசயமெல்லாம் ஒங்க பாடத்துல வருமால?” என்று கேட்டார். என்னிடம் அவர் பாடத்தைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் தடவை.

வராமல் என்ன? 17ஆம் நூற்றாண்டில் மாக்டபர்க் நகரத்து ஓட்டோ வான் கெரிக்கே, இரு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்காற்றை நீக்கியபோது, இருபுறமும் பூட்டிய குதிரைகளாலும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை என்று படித்திருக்கிறோமே! நான் உற்சாகமாகக் கணக்குப் போட்டேன். குவளையின் உள்விட்டம் 12 செ.மீ.; பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. அளவுமானி 20 அங்குலப் பாதரசம் காட்டினால், ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.69 கிலோ எடை. மொத்தம் 78 கிலோ! ஓர் ஆள் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல. பின் தடம் விழாமல் என்ன செய்யும்? “காற்றை இழுப்பதைக் குறையுங்கள் அப்பா” என்றேன்.

மறுநாள் கசிவுக் குழாயை நானே திருகி, மானியை 5 அங்குலத்துக்கு இறக்கினேன். பிடிமானம் 20 கிலோவுக்கும் கீழே போயிற்று. உளி முனை மரத்தில் மாட்டியது. கிண்ணம் பிய்த்துக்கொண்டு பறந்து அப்பாவின் முழங்கையில் அடித்தது. நான்கு நாட்கள் அவரால் உளி பிடிக்க முடியவில்லை. நான்கு நாள் கூலியும் போயிற்று.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மாவிடம், “புள்ள மேல தப்பு இல்ல. லேத்து வேகத்த நான் கொறச்சிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்ட எனக்குத் தலைநிமிர முடியவில்லை.

என் அம்மா கட்டட வேலையில் சித்தாள். செங்கல் சுமந்துவிட்டு வந்தவர், நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “எய்யா, அப்படி என்னதான் யோசிக்கே?” என்றார். சொன்னேன். அவர் தலையிலிருந்து துணிச் சுருளை எடுத்து உதறியபடி, “அத்தன பாரத்த மொட்ட விளிம்புல வச்சா தடம் விழத்தான செய்யும்? ஒரு சும்மாடு குடுக்கக் கூடாதா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. நான் விசையை மட்டும் பார்த்தேன். அது இறங்கும் பரப்பைப் பார்க்கவில்லை! விளிம்பின் அகலம் 3 மி.மீ.; அதன் பரப்பு 12 சதுர செ.மீ. கூட இல்லை. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஆறரைக் கிலோவுக்கு மேல் ஏறுகிறது. அகலத்தை 12 மி.மீ. ஆக்கினால் அது ஒன்றரைக் கிலோ அளவுக்கு இறங்கிவிடும். பிடிமானமோ அப்படியே இருக்கும்.

முதலில் தடித்த ரப்பரை ஒட்டினோம். கிண்ணம் வளைவானது, கெட்டி ரப்பரின் ஓரம் மட்டுமே பட்டது. பிறகு பஞ்சு போன்ற ஸ்பாஞ்சை வைத்தோம். அதன் துளைகள் வழியே காற்று புகுந்துவிட்டது. கடைசியில் செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய மெத்தென்ற வெள்ளை ரப்பர்த் தகடு கைகொடுத்தது. அதன் துளைகள் மூடியவை. காற்று புகாது, வளைவுக்கும் இணங்கும். கறுப்பு ரப்பர் வெளிர் மரத்தில் கறை பிடித்துவிடும் என்பதால் வெள்ளை.

மற்றவை அப்பாவின் அனுபவம் தந்தவை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்பு விளிம்பைத் துடைக்க வேண்டும். அத்தனை பாரத்தின் கீழ் ஒரு மணல் துகள் போதும், மரத்தைக் கீற. ஆளிவிதை எண்ணெய் உலர நாளாகும்; ஆகவே எண்ணெய் பூசுவதை அடிப்பாக வேலைக்குப் பின் வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடப் போகும்போது கிண்ணத்தைப் பிடிப்பானில் விட்டுப் போகலாகாது. லேத்தின் எதிர்முனையைக் கடைசிச் சீவல் வரை முட்டுக் கொடுத்து வைத்தால், காற்றிழுப்பை ஓரளவு குறைத்தாலும் ஆபத்தில்லை. இத்தனைக்கும் பிறகு மென்மரத்தில் இலேசாகத் தடம் விழுந்தால், எண்ணெய் ஏறுமுன் ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்கிறார். நசுங்கிய நார் எழும்பிவிடுகிறது.

அதன்பின் போன கிண்ணங்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இழந்த நான்கு நாள் கூலி மட்டும் திரும்பவில்லை.

நண்பர்களே! முதலாண்டுத் தேர்வில் ‘அழுத்தத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக’ என்று கேட்டிருந்தார்கள். பாலைவன மணலில் நடக்கும் ஒட்டகத்தின் அகன்ற பாதத்தை எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். நான் ஒட்டகத்தை நேரில் பார்த்ததில்லை. சும்மாட்டைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். என் கல்லூரிக் கட்டணத்தைச் சுமந்ததும் அதுதான். ஏட்டுச் சுரைக்காய்மீது குற்றமில்லை. வீட்டுக் கொல்லையில் காய்த்ததை நான்தான் பார்க்கத் தவறினேன்.